இல்லமும் தொழிலும்: எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது?

மாதுங்காவிலும் செம்பூரிலும், முலுண்டிலும் டோம்பிவிலியிலும் வாழும் நமது தமிழ்க் குடும்பங்களில் கைக்கலை ஏதும் அறியாத இல்லம் அரிது. தஞ்சாவூர்ப் படம் எழுதுவோர், ரவிக்கைகளில் ஆரி வேலை செய்வோர், பரத நாட்டிய உடை தைப்போர், கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவோர், திருமணச் சீர்த்தட்டுகளை அலங்கரிப்போர் எனப் பலர் நம்மிடையே உள்ளனர். பொழுதுபோக்காகத் தொடங்கிய கலை, சுற்றத்தார் கேட்கவும் அவர்தம் நண்பர்கள் கேட்கவும், நாளடைவில் வருவாய் தரும் தொழிலாக மலர்ந்துவிடுகிறது. முன்னாளில் வாய்மொழியாக மெல்லப் பரவிய நற்பெயர், இந்நாளில் வாட்ஸ்அப் வழியே ஒரே இரவில் ஊர் கடந்து சென்றுவிடுகிறது.

இது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இதனோடு ஒரு தொல்லையும் உடன் வருகிறது. கேட்பவர் தொகை பெருகுகிறது. செய்பவரின் கைகளோ இரண்டே. நவராத்திரிக்கு இரண்டு மாதம் முன்பே, "இனி இவ்வாண்டு இயலாது" என்று சொல்லித் திருப்பியனுப்ப நேர்கிறது. ஒப்புக்கொண்ட வேலைக்காக நள்ளிரவு வரை குனிந்திருந்து, கழுத்து வலியும் கண் எரிச்சலும் தேடிக்கொள்ள நேர்கிறது. பிள்ளைகளின் பரீட்சைக் காலமும் திருமண முகூர்த்தக் காலமும் ஒன்றாக வந்து நிற்கும்போது, எதை விடுவது, எதைப் பற்றுவது என்று தெரியாமல் மனம் தடுமாறுகிறது. சொந்த ஊரில் இருந்தால் அத்தையோ சித்தியோ வந்து கைகொடுப்பர். அயலூரின் இரண்டறை வீட்டில் அதற்கும் வழியில்லை. முடிவில் ஒருவர் உடல் நலத்தை இழக்கிறார். மற்றொருவர் தொழிலையே கைவிடுகிறார். இரண்டும் நமக்கு நட்டமே. ஆதலின், தனியொருவராக நடத்தும் கலைத்தொழிலில் வேலையைப் பிறருக்குப் பகிர்ந்தளிப்பது எவ்வாறு என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

"என் கை பட்டால்தான்" என்னும் அச்சம்

பகிர்ந்தளிக்குமாறு சொன்னவுடன் நமது சகோதரிகள் பெரும்பாலும் கூறும் விடை ஒன்றே: "என் கை பட்டால்தான் சரியாக வரும், மற்றவர் தொட்டால் கெட்டுவிடும், பிறகு என் பெயரல்லவா போகும்?" இவ்வச்சத்தை நாம் இகழ மாட்டோம். நற்பெயர் ஒன்றே முதலாக நடைபெறும் தொழிலில் இவ்வச்சம் இருந்தே தீர வேண்டும். ஆனால், ஒரு கலைப்பொருளை முதல் முதல் கடைசி வரை ஒருவரே செய்வதுதான் நமது மரபு என்று எண்ணுவது பொருந்தாது.

சுவாமிமலையின் சிற்பப் பட்டறைகளைப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகு உரு சமைக்கப்படுகிறது. அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகின்றனர். பின்பு சூட்டினால் மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கின்றனர். ஆறியபின் மண்ணை உடைத்து, அரத்தால் தேய்த்து, உளியால் செதுக்கி மெருகேற்றுகின்றனர். மண் பூசுவதும், உலை பார்ப்பதும், தேய்ப்பதும் பல கைகளில் நடைபெறும். அளவு பிசகாமல் உருவை அமைப்பதும், இறுதியில் கண் திறப்பதும் தலைமைச் சிற்பியின் பொறுப்பு. உலை ஊதியவர் வேறொருவர் என்பதால் அந்தப் படிமம் அந்தச் சிற்பியுடையது அன்று என்று எவரும் சொல்வதில்லை.

நாம் வாழும் இம்மாநகரோடு தொடர்புடைய மற்றொரு சான்றும் உண்டு. ஓவியர் ராஜா ரவிவர்மா தனித்து நின்று வரைந்தவர் அல்லர். அவருடைய இளைய சகோதரர் சி. ராஜராஜ வர்மாவும் தேர்ந்த ஓவியர். நிலக்காட்சி தீட்டுவதில் வல்லவர். தமையனின் படங்கள் பலவற்றில் பின்புலக் காட்சிகளை எழுதியதோடு, கடிதப் போக்குவரத்தையும் பயண ஏற்பாடுகளையும் கவனித்து வந்தவர் அவரே. 1894-இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவியபோது கல்லச்சு நுட்பம் அறிந்த ஜெர்மானியரை அமர்த்தினார். அதனால்தான் அவர் தீட்டிய இலக்குமியும் சரஸ்வதியும் அரண்மனைச் சுவர்களை விட்டு இறங்கி, எளியோர் பூஜையறைகளுக்கும் வந்து சேர்ந்தனர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. அவ்வச்சகம் கடனில் ஆழ்ந்து, முடிவில் அங்கே பணிபுரிந்த ஜெர்மானிய நிபுணர் ஒருவருக்கே விற்கப்பட்டது. படம் ஊரெங்கும் பரவியது; தொழில் உரியவர் கையில் நிலைக்கவில்லை. வேலையைக் கொடுப்பது வேறு, கண்காணிப்பையும் கணக்கையும் கைவிடுவது வேறு என்பதற்கு இதுவே போதிய பாடமாகும்.

வேலையைப் பிரித்துப் பார்த்தல்

தஞ்சாவூர்ப் படத்தையே எடுத்துக்கொள்வோம். நமது இல்லங்களில் மிகுதியாகப் பயிலப்படும் கலை அது. மேலும், தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்ட மராத்திய மன்னர்களின் ஆதரவில் செழித்த கலையாதலின், மராத்திய மண்ணில் வாழும் நமக்கு அதன்பால் இரட்டை உரிமை உண்டு.

ஒரு படம் உருவாகும் படிகள் இவை. முதலில், பலகையின்மீது துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, உலர்ந்தபின் வழவழப்பாகும்வரை தேய்க்க வேண்டும். அடுத்து, உருவத்தை வரைய வேண்டும். அதன்பின் நகை, மாலை, மண்டபம் ஆகியவற்றைப் புடைப்பாக எழுப்பும் 'மக்கு' வேலையும், கல் பதித்தலும் உள்ளன. பிறகு தங்க ரேக்கு ஒட்டுதல். அதன்பின் வண்ணம் தீட்டுதல். கடைசியாக முகமும் கண்ணும் எழுதுதல். இவற்றோடு முடிந்ததா? சட்டம் போட வேண்டும், கண்ணாடி உடையாதபடி கட்டி அனுப்ப வேண்டும், "எப்போது கிடைக்கும்?" என்று கேட்போருக்கு விடை எழுத வேண்டும்; வரவு செலவு குறிக்க வேண்டும்.

இவ்வேலைகளை மூன்று கூறாகப் பிரித்துக்கொள்ளலாம். முதற்கூறு, பொறுமை உள்ள எவரும் சில நாட்களில் கற்றுக்கொள்ளத்தக்கது: பலகை தயாரித்தல், தேய்த்தல், கட்டி அனுப்புதல், ரசீது எழுதுதல். இரண்டாவது, பயிற்சி பெற்ற கை செய்யத்தக்கது: மக்கு வேலை, கல் பதித்தல், ரேக்கு ஒட்டுதல், பின்னணி வண்ணம். மூன்றாவது, உரியவரே செய்ய வேண்டியது: உருவ அமைப்பு, வண்ணத் தேர்வு, முகம், கண். வாடிக்கையாளர் பிறரைத் தேடாமல் நம்மைத் தேடி வந்ததன் காரணம் இம்மூன்றாம் கூற்றில்தான் அடங்கியிருக்கிறது. பலகை தேய்ப்பதில் ஒருவர் எவ்வளவு வல்லவராயினும், அதற்காக எவரும் அவரைத் தேடி வருவதில்லை.

ஆகவே, கொடுப்பதற்குமுன் நாம் கூறும் முதல் யோசனை இது. இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு நோட்டில், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் சென்றது என்று அன்றாடம் குறித்து வாருங்கள். தம் நேரம் முழுவதும் கலையில் கழிகிறது என்று நம்பியிருப்பவர் பலர், அதில் பெரும்பகுதி தேய்ப்பதிலும், கட்டுவதிலும், கைப்பேசியில் விடை எழுதுவதிலும் கரைவதைக் கண்டு வியப்படைவர்.

ஒரு கணக்கு

"கூலி கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்?" என்பது அடுத்த கேள்வி. கணக்கின் பொருட்டு ஓர் உதாரணத்தை அமைத்துக்கொள்வோம். அவரவர் தம் தொழிலின் தொகைகளை இதில் பொருத்திப் பார்க்கலாம்.

ஒரு படத்தின் விலை 12,000 ரூபாய் என்றும், பொருட்செலவு 4,000 ரூபாய் என்றும், உழைப்பு 40 மணி என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 8,000, மணிக்கு 200 ரூபாய் வீதம். மாதம் 120 மணி நேரம் ஒதுக்கக்கூடிய சகோதரி, இரண்டு மாதங்களில் ஆறு படங்கள் எழுதி 48,000 ரூபாய் ஈட்டுவார்.

இனி, பலகை தயாரிப்பு 5 மணி, மக்கு வேலையிலும் கல் பதிப்பிலும் 9 மணி, கட்டி அனுப்புவதில் 2 மணி, ஆக 16 மணி வேலையை மணிக்கு 100 ரூபாய் வீதம் மற்றொருவருக்குக் கொடுப்பதாகக் கொள்வோம். ஒரு படத்துக்குக் கூலி 1,600. அவருக்கு எஞ்சிய வேலை 24 மணி. மேற்பார்வைக்கு 2 மணி சேர்த்தால் 26 மணி. அதே இரண்டு மாதங்களில் ஒன்பது படங்கள் முடியும். படத்துக்கு 6,400 வீதம் 57,600 ரூபாய் அவர் கையில் நிற்கும். உதவி செய்தவருக்கும் 14,400 ரூபாய் சேரும்.

இக்கணக்கில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன, அவற்றை மறைக்கலாகாது. ஒன்று, ஒன்பது படங்களுக்கும் கேட்பவர் இருக்க வேண்டும். இல்லையேல் கூலி வெறும் செலவாகிவிடும். திருப்பியனுப்பிய வேலைகளின் எண்ணிக்கையை ஓராண்டு குறித்து வைத்தவருக்கு இது எளிதில் விளங்கும். மற்றொன்று, முதல் ஓரிரு மாதங்களில் ஆதாயம் கூடாது, குறையவும் செய்யும். கற்பிப்பதற்கு நேரம் வேண்டும். கெட்டுப்போகும் பலகைகளின் விலையும் உண்டு. அந்தச் செலவைத் தொழிலின் முதலீடாகக் கருத வேண்டுமேயன்றி, "கொடுத்துப் பார்த்தேன், சரிவரவில்லை" என்று இரண்டாம் வாரத்திலேயே நிறுத்திவிடுதல் கூடாது.

கொடுக்கும் முறை

திருவள்ளுவர் இப்பொருளை இரண்டு அதிகாரங்களில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். 51-ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. 52-ஆம் அதிகாரம் 'தெரிந்து வினையாடல்'. ஆளை ஆராய்ந்து தேர்வது முன்னது. தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பது பின்னது. ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியவரை ஐயுறுவதும் துன்பம் என்பது அவர் கருத்து. அரசனுக்குச் சொன்னது அடுக்களை ஓரத்துத் தொழிலுக்கும் பொருந்துகிறது. நமது இல்லங்களில் நடப்பதோ பெரும்பாலும் நேர்மாறானது. அவசரத்தில் கிடைத்தவரிடம் கொடுத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னே நின்று ஒவ்வோர் அசைவையும் திருத்துகிறோம். கொடுத்தவருக்கும் ஓய்வில்லை, பெற்றவருக்கும் ஊக்கமில்லை.

நாம் பரிந்துரைக்கும் முறை எளியது. முதலில் ஒரே ஒரு வேலையை மட்டும் கொடுங்கள். அதற்கு மாதிரி ஒன்றைச் செய்து அவரிடமே வைத்துவிடுங்கள். "நன்றாகத் தேய்க்க வேண்டும்" என்று சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள் தோன்றும். "இந்தப் பலகையைத் தடவிப் பாருங்கள், இதைப் போல இருக்க வேண்டும்" என்றால் விரலே கற்றுக்கொள்ளும். பக்கத்து வீட்டு மராத்தியச் சகோதரிக்குத் தமிழ் தெரியாவிடினும், நமக்கு மராத்தி குறைவாக இருப்பினும், இம்முறையில் இடையூறில்லை. கலவையின் அளவைக் கரண்டிக் கணக்கில் எழுதி வையுங்கள். ஏன் அவ்வாறு செய்ய வேண்டும் என்பதையும் கூறுங்கள். ஈரம் காயுமுன் அடுத்த பூச்சு பூசினால் பின்னர் வெடிப்பு விடும் என்று காரணம் அறிந்தவர், மழைக்காலத்தில் தாமே ஒரு நாள் கூடுதலாகக் காயவிடுவார். காரணம் அறியாதவர் சொன்ன நாளில் பூசிவிடுவார். பிழை அவருடையது அன்று.

மேற்பார்வைக்கு உரிய இடம் இடைநிலை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ரேக்கு ஒட்டியபின் மக்கு வேலையில் குறை கண்டால் தங்கமும் வீண், நாளும் வீண். ரேக்கு ஒட்டுமுன் ஒரு முறை பார்த்துவிட்டால் விரல்நுனியால் திருத்திவிடலாம். எங்கே பார்த்தால் திருத்தம் மலிவோ அங்கே பாருங்கள். மற்ற இடங்களில் விட்டுவிடுங்கள்.

இதற்கு நம் நகரிலேயே தலைசிறந்த முன்மாதிரி உண்டு. 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் கிர்காமில் ஏழு குஜராத்திப் பெண்மணிகள் 80 ரூபாய் கடன் பெற்றுத் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத் தொழிலை அறியாதார் இல்லை. அங்கே மாவு பிசைவது மையத்தில் நடைபெறும். உறுப்பினர் அம்மாவைப் பெற்றுச் சென்று தத்தம் வீட்டில் இட்டு, காயவைத்துக் கொணர்வர். மையத்தில் சோதித்துப் பெறுவர். சுவை தங்கியிருப்பது மாவில். ஆகவே மாவை மையம் வைத்துக்கொண்டது; இடுவதைப் பல்லாயிரம் கைகளுக்குக் கொடுத்தது. உருவத்தையும் முகத்தையும் தாம் வைத்துக்கொண்டு பலகையைப் பிறருக்குக் கொடுக்கும் ஓவியர் செய்வதும் அதுவே.

யாரிடம் கொடுப்பது?

வீட்டாரிடம் கொடுப்பதே முதலில் நினைவுக்கு வரும். மாமியார் கல் பதிப்பார். மகள் படம் பிடித்து வலைத்தளத்தில் இடுவாள். கணவர் கூரியர் அலுவலகத்துக்குச் சென்று வருவார். இது நல்லதே. ஆயினும் வீட்டார் என்பதால் கூலியின்றி வாங்கும் உழைப்பு நெடுநாள் நில்லாது. மாமியாருக்கு மாதந்தோறும் ஒரு தொகை கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் செய்வது உதவி என்னும் நிலையினின்று உயர்ந்து தொழிலாகிவிடும். மகளின் பரீட்சைக் காலத்தில் அவளிடம் வேலையை எதிர்பார்ப்பது எவ்வகையிலும் தகாது. கூலி கொடுக்க இயலாத தொழில், விலையைக் குறைவாக வைத்திருக்கிறது என்று பொருள். அதைத் திருத்த வேண்டிய இடம் விலைப்பட்டியலே. வீட்டாரின் உழைப்பு அன்று.

வெளியார் எனில், வெளியே சென்று பணிபுரிய இயலாமல், கைத்திறனும் ஓய்வு நேரமும் உள்ள பெண்மணிகள் நம் கட்டடத்திலேயே இருப்பர். கூலியை முன்னதாகப் பேசி முடிவு செய்யுங்கள். நமக்குப் பணம் வந்த பிறகு என்று சொல்லாமல், வேலை முடிந்த அன்றே கொடுங்கள். வாடிக்கையாளர் தாமதித்தால் அந்தச் சுமை நம்முடையது, அவருடையது அன்று. கற்களும் ரேக்கும் எத்தனை கொடுத்தோம், எத்தனை மீண்டன என்று இருவரும் காணுமாறு குறித்துக்கொள்ளுங்கள். கணக்குத் தெளிவாக இருந்தால் ஐயத்துக்கு இடமிராது.

"எல்லாம் கற்றுக்கொண்டு அவரே தனித்தொழில் தொடங்கிவிட்டால்?" என்னும் அச்சமும் சிலருக்கு உண்டு. சிலர் தொடங்குவர்; அது இயல்பே. நமக்கும் ஒருவர் கற்றுக்கொடுத்ததால்தானே நாம் இக்கலையை அறிந்தோம்? ஒரு பகுதியை மட்டும் காட்டி, மறைத்து மறைத்துக் கற்பித்தால் வேலை சிறக்காது. அவர் பிரிந்து செல்லும் நாளில் நட்போடு செல்வாராயின், வேலை மிகும் காலத்தில் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாம்.

வாங்குவோரிடத்திலும் ஒரு கடமை உண்டு. பிறர் கை சேர்ந்த பின்னும், "முழுவதும் என் கையால் செய்தது" என்று விளம்பரம் செய்தல் தகாது. "எமது இல்லத்துப் பட்டறையில் செய்தது, வரைவும் முகமும் என் கை" என்று உள்ளபடி சொன்னால் மதிப்புக் குறையாது. உதவியவரின் பெயரையும், அவர் விரும்பினால், படத்தின் பின்புறம் எழுதலாம். தம் பெயர் எழுதப்படும் பொருளில் எவரும் அலட்சியம் காட்டார்.

வளர்வது கட்டாயமா?

இத்தனையும் கூறிய பின், மற்றொரு சொல்லும் கூற வேண்டியிருக்கிறது. எல்லாத் தொழிலும் பெருக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பலகை தேய்க்கும் அந்த அமைதியே தமக்கு மருந்து என்று கூறும் சகோதரிகளும் உள்ளனர். அவர்கள் ஆண்டுக்கு ஆறு படங்கள் எழுதி, அதற்கேற்ற விலை வைத்து, நிறைவோடு இருக்கலாம். அதுவும் ஒரு நல்ல முடிவே. ஆனால் அது ஆராய்ந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும். அச்சத்தால் நேர்ந்த முடிவாக இருத்தல் கூடாது. இரவு விழித்து, உடல் நொந்து, வேலையையும் திருப்பியனுப்பிக்கொண்டு, "என்னால்தான் முடியும்" என்று சொல்லிக்கொள்வது முடிவு ஆகாது.

எனவே அன்பர்களே, இம்மாதம் செய்ய வேண்டியது சிறிது. நோட்டில் இரண்டு வாரம் மணிக்கணக்கைக் குறியுங்கள். முதற்கூற்றில் ஒரு வேலையை, ஒன்றே ஒன்றை, தேர்ந்தெடுங்கள். அதற்கு மாதிரி செய்து, அளவு எழுதி, கூலி பேசி, ஒருவரிடம் ஒப்படையுங்கள். இடையில் ஒரு முறை மட்டும் பாருங்கள். மீதமாகும் மணிகளில் முதல் மணியை உறக்கத்துக்கும், இரண்டாவதைப் பிள்ளைகளுக்கும் கொடுத்த பின், மூன்றாவதைக் கலைக்குக் கொடுங்கள். அடுத்த நவராத்திரிக்குள் இன்னும் இரண்டு வீடுகளில் நம் படம் இருக்கும். மற்றொரு வீட்டில் அடுப்பெரிய அது துணை செய்திருக்கும்.